ரேமுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், இந்த ரேம் அந்த மதர்போர்டுக்குப் பொருந்துமா?" அடுத்தது, "3200 என்று போட்டிருக்கிறானே, அந்த வேகம் நிஜமாகவே கிடைக்குமா?" பணி ஓய்வுக்குப் பிறகு உறவினர்களுக்கும் காலை நடை நண்பர்களுக்கும் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. கண்டுபிடிப்பு, போட்டி, கோர்ட்டு, அபராதம் என்று எல்லாம் கலந்த கதை. அதைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே புரிந்துவிடும்.

வீட்டில் பழைய ரேம் ஏதாவது இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் மையத்திலிருந்து சற்றே தள்ளி ஒரு சின்ன வெட்டு தெரியும். மதர்போர்டு ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரேம் உள்ளே இறங்கும். சாதாரண வெட்டுதான். ஆனால் அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை, கடைவீதியில் ஒருவர் காலை ஒருவர் வாரிவிடும் கம்பெனிகள் எல்லாம் கூடி உட்கார்ந்து முடிவு செய்கின்றன. கொரியாவில் செய்த ரேம், தைவானில் செய்த மதர்போர்டில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய அரை மணி நேரத்தில் வேலை செய்வது அதனால்தான். இந்த ஏற்பாடு எப்படி வந்தது, நடுவில் எப்படிக் கைநழுவப் பார்த்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

ஆரம்பத்தில் பொருத்தம் என்ற பேச்சே கிடையாது. மெஷினும் நினைவகமும் ஒரே கம்பெனியிலிருந்து ஒன்றாகத்தான் வரும். நம் தலைமுறையில் சிலர் ஐபிஎம் 1401 இயந்திரத்தை நேரில் பார்த்திருப்பீர்கள். ரயில்வே போன்ற பெரிய நிறுவனங்களில் அது இருந்தது. அதன் நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வளையங்கள், ஒவ்வொன்றின் ஊடாகவும் மெல்லிய கம்பிகள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். பூக்கட்டுவது போலக் கையால் கோர்த்த வேலை. 1401-ன் அந்த நினைவகத்தில் கூடுதலாகப் போனால் 16,000 எழுத்துகள் இருக்கும். 4,000 எழுத்துகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்த அலுவலகங்களும் உண்டு. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிவு அதில் அடங்காது.

இந்தக் காந்த வளைய நினைவகத்தில் இரண்டு பேரை மறக்கக் கூடாது. ஒருவர் எம்.ஐ.டி.யில் இருந்த ஜே ஃபாரஸ்டர். 1953-ல் வேர்ல்விண்ட் என்ற கம்ப்யூட்டரில் இதை ஓடவைத்தவர். இன்னொருவர் ஷாங்காயில் பிறந்து அமெரிக்கா போன ஆன் வாங். இவர் தன்னுடைய காப்புரிமையை 5 லட்சம் டாலருக்கு ஐபிஎம்முக்கு விற்றுவிட்டு, வாங் லேபரட்டரீஸ் என்ற சொந்தக் கம்பெனியை வளர்த்தார். இந்தக் கம்பெனியின் பெயரை நினைவில் வையுங்கள். கதையில் திரும்ப வருகிறது.

வளையத்தின் இடத்தைச் சிப் பிடித்ததற்குக் காரணம் ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு. 1966-ல் அவருக்குத் தோன்றிய யோசனை இது: ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு டிரான்சிஸ்டர், கூடவே ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. ஊற்றிய மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். வடிந்து தீர்வதற்குள் படித்துப் பார்த்துத் திரும்ப ஊற்றிவிட வேண்டும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை இப்படி நிரப்பியாக வேண்டும். நீங்கள் காபி குடிக்க எழுந்து போனாலும் இந்த வேலை நிற்காது. ரேமுக்கு நேரக்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு அடிப்படை இதுதான். டென்னார்டு 2024-ல் தன் 91-வது வயதில் காலமானார். செய்தித்தாளில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் அவர் செய்த வேலைக்குக் குறைவுதான் என்பது என் எண்ணம்.

இன்டெல் 1970-ல் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1,024 பிட் பிடிக்கும். அதோடு காந்த வளையத்தின் நாட்கள் எண்ணப்பட்டன.

பொருத்தம் என்ற கேள்வி சாதாரண மனிதர்களிடம் வந்தது 1981-ல் ஐபிஎம் பிசி வந்த பிறகு. அதில் அடிப்படை நினைவகம் 16 கிலோபைட். கூட்ட வேண்டுமானால் தனித்தனிச் சிப்களை வாங்கி, மதர்போர்டு சாக்கெட்டில் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஒன்பது சிப்கள். எட்டு தகவலுக்கு, ஒன்பதாவது அந்த எட்டும் சரியா என்று சரிபார்க்க. அதற்குப் பாரிட்டி என்று பெயர். ஒரு சிப்புக்குப் பதினாறு கால்கள். கொஞ்சம் சாய்த்து அமுக்கினால் ஒரு கால் மடங்கிக்கொள்ளும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நாளடைவில் சிப்கள் சாக்கெட்டிலிருந்து தாமாகவே மேலே எழும்பிவிடும். கம்ப்யூட்டர் தகராறு செய்தால் மூடியைக் கழற்றி, எல்லாச் சிப்களையும் கட்டை விரலால் வரிசையாக அமுக்கிவிடுவது அந்தக் காலத்து வைத்தியம்.

வேகத்தைச் சிப்பின் முதுகிலேயே அச்சடித்திருப்பார்கள். கடைசியில் -15 என்று இருந்தால் 150 நானோ செகண்ட். நானோ செகண்ட் என்றால் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. எண் குறையக் குறைய வேகம் அதிகம். அன்றைக்கு வந்த விதி இன்றைக்கும் மாறவில்லை: மெஷின் கேட்பதைவிட வேகமான சிப் போட்டால் வேலை செய்யும், ஆனால் மெஷின் வேகம் கூடாது. மெதுவான சிப் போட்டால் ஓடும்போது மாட்டிக்கொள்ளும்.

ஒன்பது சிப்களோடு மல்லாடுவதற்குப் பதில் அவற்றை ஒரு சின்னப் பலகையில் வைத்துப் பற்றவைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை 1983-ல் வாங் லேபரட்டரீஸில் பிறந்தது. ஆம், அதே ஆன் வாங்கின் கம்பெனி. அதுதான் சிம் பலகை. இன்றைக்குச் செல்போனில் போடும் சிம் வேறு, இது வேறு. முப்பது பின்கள் கொண்ட அந்தப் பலகை ஊரெங்கும் பரவியது. பரவியபின் வாங் கம்பெனி, அதைத் தயாரித்தவர்கள் மீது காப்புரிமை வழக்குப் போட்டது. மிட்சுபிஷி மீது போட்ட வழக்கில் 1997-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது சுருக்கமாக இதுதான்: நீங்களேதான் எல்லோரும் இதைச் செய்யுங்கள் என்று தூண்டினீர்கள், செய்தபின் காசு கேட்பது நியாயமில்லை. இந்தத் தீர்ப்பையும் நினைவில் வையுங்கள். இதே மாதிரியான சண்டை பின்னால் இன்னும் பெரிதாக வருகிறது.

அந்த நாட்களில் ரேம் வாங்கப் போனால், "ஜோடியாகத்தான் சார் போடணும்" என்று கடைக்காரர் சொல்வார். வியாபாரத் தந்திரம் என்று பலர் நினைத்தார்கள். அதில் கணக்கு இருந்தது. முப்பது பின் சிம் ஒரே நேரத்தில் 8 பிட் கொடுக்கும். 486 பிராசஸர் ஒரே வாயில் 32 பிட் கேட்கும். அப்படியானால் நான்கு சிம், நான்கும் ஒரே மாதிரி. பிறகு 72 பின் சிம் வந்தது, அது 32 பிட். 486-க்கு ஒன்றே போதும். ஆனால் பென்டியம் கேட்டது 64 பிட், ஆகவே மறுபடியும் ஜோடி. அதற்கப்புறம் வந்த 168 பின் பலகை தனியாகவே 64 பிட் கொடுத்ததால் ஒற்றையாகவும் போட முடிந்தது.

சென்னையில் அப்போது ரிச்சி ஸ்ட்ரீட் வேறு முகம் எடுத்துக்கொண்டிருந்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தத் தெரு நமக்கு ரேடியோ சாமான் வாங்கும் இடமாகத்தான் பழக்கம். வால்வு, கண்டென்சர், ஸ்பீக்கர் விற்ற கடைகளின் பக்கத்திலேயே ரேமும் ஹார்டு டிஸ்க்கும் வந்து உட்கார்ந்தன. பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கக் கட்டுப்படியாகாத நடுத்தரக் குடும்பங்கள் கம்ப்யூட்டரைத் தொட்டது அங்கே கிடைத்த உதிரிப் பாகங்களால்தான். என் பையன் படிப்புக்கு முதல் கம்ப்யூட்டரை அப்படித்தான் கட்டினேன்.

உதிரிச் சந்தை என்றால் ஏமாற்றும் இருக்கும். பாரிட்டி ரேமுக்கு ஒன்பது சிப் வேண்டும் என்றேனே, தொண்ணூறுகளில் அந்த ஒன்பதாவது சிப்பில் போலி வந்தது. உலகம் முழுவதும் நடந்த மோசடி இது. நிஜமான ஒன்பதாவது சிப் எதையாவது சேமித்து வைக்கும். போலிச் சிப் எதையும் சேமிக்காது. கேட்கும் நேரத்தில் எட்டையும் கூட்டிப் பார்த்து, "எல்லாம் சரி" என்று தலையாட்டும். தப்பு நடந்தாலும் சரி என்றே சொல்லும். அலுவலகத்தில் இப்படிப்பட்ட ஆடிட்டர்களை நாம் பார்த்திருக்கிறோம். மேலே இருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டு வேகமான எண்ணை அச்சடிப்பதும் நடந்தது.

1998-ல் இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட் வந்தது. அதோடு பிசி100 என்ற ரேம் விதியும் வந்தது. அதுவரை 66 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ரேம் இனி 100-ல் ஓட வேண்டும். நூறு மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு 10 நானோ செகண்ட். ஆகவே -10 என்று போட்ட சிப் போதும் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். போதாது. துடிப்புக்குள் தகவல் வந்து நிலைத்து நிற்கவும் நேரம் வேண்டும் அல்லவா? பிசி100-ஐ நம்பகமாகத் தாங்க -8 சிப் தேவைப்பட்டது.

1999-ல் ஒரு உறவினருக்குக் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர், ஓடிய ஒரு மணி நேரத்தில் உறைந்து நிற்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தேன். பலகையில் பிசி100 என்று பளிச்சென்று ஸ்டிக்கர். சிப்களின் முதுகிலோ -10. கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டினார், நான் சிப்பைக் காட்டினேன். பேச்சு வளரவில்லை, மாற்றிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் அது முன்னமே தெரியும் என்பது அவர் மாற்றிய வேகத்திலேயே தெரிந்தது.

இந்த மாதிரித் தகராறுகளைக் குறைத்த ஒரு நல்ல ஏற்பாடும் பிசி100 காலத்தில்தான் கட்டாயமானது. ரேம் பலகையின் ஓரத்தில் எட்டுக் கால்களோடு ஒரு குட்டிச் சிப் இருக்கும். அதற்கு எஸ்பிடி என்று பெயர். அதில் அந்த ரேமின் அளவு, வேகம், தாமதம், மின்னழுத்தம் எல்லாம் எழுதியிருக்கும். சுருக்கமாகச் சொன்னால் ரேமின் ஜாதகம். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பயாஸ் முதலில் அந்த ஜாதகத்தைப் படித்து, பொருத்தம் பார்த்து, அதற்கேற்ற வேகத்தில் ஓட்டும். இரண்டு ரேம் இருந்தால் இரண்டு ஜாதகத்தையும் பார்த்து, மெதுவானதற்குத் தக்கபடி இரண்டையும் ஓட்டும்.

ஜாதகம் சரியாக இருந்தும் சேராத ஜோடிகளும் உண்டு. அதே 440பிஎக்ஸ் போர்டில், எட்டே சிப்கள் கொண்ட 256 மெகாபைட் ரேம் போட்டால் 128 என்றுதான் காட்டும். ஒவ்வொரு சிப்பிலும் இருந்த பிட்களின் எண்ணிக்கை அந்தச் சிப்செட்டுக்கு எண்ணத் தெரிந்ததைவிட அதிகம். அதே 256-ஐப் பதினாறு சிப்களாகப் பிரித்துப் போட்ட ரேம் முழுசாக வேலை செய்யும். அதற்கு முந்தைய 430டிஎக்ஸ் இன்னும் விசித்திரம். 64 மெகாபைட்டுக்கு மேல் உள்ள ரேமுக்குக் கேஷ் வசதி கிடையாது. கூடுதல் ரேம் போட்டு வேகம் குறைந்த கம்ப்யூட்டர்கள் அப்போது உண்டு.

இந்த விதிகளை எல்லாம் எழுதி வைக்கும் இடம் ஜெடெக் என்ற அமைப்பு. 1958-ல் தொடங்கியது. சிப் தயாரிப்பாளர்கள் இதில் உறுப்பினர்கள். பின் எத்தனை, வெட்டு எங்கே, மின்னழுத்தம் எவ்வளவு என்று கூடிப் பேசி வெளியிடுவார்கள். அதைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் ரேம் செய்யலாம். உதிரிச் சந்தையின் உயிர்நாடி இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த உயிர்நாடிக்கே ஆபத்து வந்தது.

ராம்பஸ் என்ற கம்பெனி 1990-ல் அமெரிக்காவில் தொடங்கியது. மைக் ஃபார்ம்வால்ட், மார்க் ஹொரோவிட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் தொடங்கியது. இவர்கள் ரேம் தயாரிக்கவில்லை. வேகமான ரேமுக்கு வடிவமைப்பு செய்து, அதை மற்றவர்களுக்கு உரிமத்துக்குக் கொடுத்துக் காசு வாங்குவார்கள். வடிவமைப்பு உண்மையிலேயே நல்லதுதான். நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டிகளில் அது இருந்தது. 1996-ல் இன்டெல் ராம்பஸோடு கைகோத்தது. இனி வரும் இன்டெல் பிராசஸர்களுக்கு ராம்பஸ் ரேம்தான் என்ற நிலை உருவானது. ரேம் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு கம்பெனிக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

நடைமுறையில் ராம்பஸ் ரேம் தடுமாறியது. விலை சாதாரண ரேமைப் போலப் பல மடங்கு. சூடாகும் என்பதால் மேலே உலோகக் கவசம். எல்லாவற்றையும்விட வேடிக்கை, ரேம் போடாத ஸ்லாட்டையும் காலியாக விடக் கூடாது. மின் பாதை அறுந்துவிடும். சிப் எதுவும் இல்லாத வெற்றுப் பலகை ஒன்றை வாங்கி அதில் செருக வேண்டும். 1999 செப்டம்பரில் வெளிவர வேண்டிய இன்டெல் 820 சிப்செட், மூன்று ஸ்லாட் வைத்தால் பிழை வருகிறது என்று கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, நவம்பரில்தான் வந்தது. விலைக்குப் பயந்தவர்களுக்காகச் சாதாரண ரேமையும் இதில் போட ஒரு மொழிபெயர்ப்புச் சிப் வைத்தார்கள். அதில் கோளாறு. 2000 மே மாதம் அந்த மதர்போர்டுகளையே இன்டெல் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

இதற்கிடையே தைவானின் வியா கம்பெனி, சாதாரண ரேமை 133 மெகாஹெர்ட்ஸில் ஓட்டும் சிப்செட்டை விற்றது. ஜெடெக் கூட்டத்தினர் தாங்களே ஒரு புது ரேமை வடிவமைத்து 2000 ஜூனில் விதியை வெளியிட்டார்கள். அதுதான் டிடிஆர். யோசனை எளிமையானது: ஒரு துடிப்பு மேலே ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, இரண்டு தடவை தகவல் அனுப்பு. அதே துடிப்பில் இரட்டை வேலை. உரிமத் தொகை என்று தனியாக ஒருவரிடம் கையேந்தத் தேவையில்லை என்று நினைத்தார்கள். ஏஎம்டி அந்த ஆண்டே டிடிஆருக்குப் போனது. ராம்பஸை நம்பிப் பென்டியம் 4-ஐக் கொண்டுவந்த இன்டெல், 2001-ல் அதே பிராசஸருக்குச் சாதாரண ரேம் போடும் 845 சிப்செட்டை இறக்கியது. சில மாதங்களில் அதிலேயே டிடிஆரும் வந்துவிட்டது. ராம்பஸ் ரேம் பிசியிலிருந்து மெல்ல மறைந்தது. கடைக்காரர்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்தது. ராம்பஸுக்கும் 184 பின், டிடிஆருக்கும் 184 பின். ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் இறங்கவிடாமல் காப்பாற்றியது அந்த வெட்டுதான்.

கடையில் தோற்ற ராம்பஸ் கோர்ட்டில் நின்றது. சாதாரண எஸ்டிரேமிலும் டிடிஆரிலும் உள்ள சில உத்திகளே தங்கள் காப்புரிமையில் அடங்கும் என்றது. ராம்பஸ் 1992 முதல் 1996 வரை ஜெடெக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த கம்பெனி. கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வெளியே வந்து உரிமை கேட்பதா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். 2001-ல் ஒரு ஜூரி இது மோசடி என்றது. 2003-ல் மேல்முறையீட்டில் அது தள்ளுபடி ஆனது. 2006-ல் அமெரிக்க வணிக ஆணையம் ராம்பஸ் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் பிடித்தது என்றது. 2008-ல் அதையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததோடு அந்த அத்தியாயம் முடிந்தது. வாங் கம்பெனிக்குக் கிடைக்காத தீர்ப்பு ராம்பஸுக்குக் கிடைத்தது.

ராம்பஸை எதிர்த்தவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1999 முதல் 2002 வரையிலான காலத்தில் ரேம் கம்பெனிகள் சில தங்களுக்குள் பேசி வைத்து விலையை நிர்ணயித்திருந்தன. அமெரிக்க நீதித்துறை பிடித்தது. இன்ஃபினியன் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர், சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்டின. வெட்டு எங்கே என்று முடிவு செய்யக் கூடுகிறவர்கள் விலை என்ன என்று முடிவு செய்யவும் கூடலாம் என்பதற்கு இது சாட்சி. இருந்தாலும் பொதுவிதி பிழைத்தது. நமக்கு அதுதான் லாபம்.

அதன்பிறகு வந்தவை அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். டிடிஆர்2, 2007-ல் டிடிஆர்3, 2014-ல் டிடிஆர்4, 2020-ல் டிடிஆர்5. ஒவ்வொரு தலைமுறையிலும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே வந்தது: 2.5 வோல்ட், 1.8, 1.5, 1.2, இப்போது 1.1. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று கூடாது. டிடிஆர்2-க்கும் 3-க்கும் 240 பின். 4-க்கும் 5-க்கும் 288 பின். பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டின் இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இறங்கவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். வெட்டைப் பாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். பிசி100 ரேம் வினாடிக்கு 800 மெகாபைட் கொடுத்தது. இன்றைய டிடிஆர்5-4800 கொடுப்பது 38,400 மெகாபைட். 48 மடங்கு. ஆனால் கேட்ட தகவலின் முதல் துளி வந்து சேரும் தாமதத்தைக் கணக்கிட்டால், நல்ல பிசி100-ல் 20 நானோ செகண்ட், டிடிஆர்4-3200-ல் சுமார் 14, டிடிஆர்5-4800-ல் சுமார் 17. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. கல்யாணப் பந்தி மாதிரி. பரிமாறுகிறவர்கள் நாற்பது மடங்கு கூடிவிட்டார்கள். ஆனால் இலை போட்டபின் முதல் கரண்டி சோறு வர ஆகும் நேரம் அதேதான். ஆகவே 3200-க்குப் பதில் 3600 வாங்க ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், கடிதம் எழுதவும் யூடியூப் பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்துக்கு ரேமின் அளவைக் கூட்டுவது மேல்.

இன்று வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மதர்போர்டு. இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறைப் பிராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போர்டு பொதுவாக ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். பிராசஸர் பெயரை மட்டும் சொல்லி ரேம் வாங்காதீர்கள். மதர்போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். அதில் இருப்பதை வாங்கினால் தலைவலி குறைவு.

இரண்டாவது, வேகம் மூன்று பேரின் சம்மதம். ரேம், மதர்போர்டு, பிராசஸர் மூன்றில் யாருடைய வரம்பு குறைவோ அதுதான் கிடைக்கும். 3600 என்று அட்டையில் போட்ட ரேம் முதலில் 2400 அல்லது 2666-ல்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, ஏஎம்டி டிடிஆர்5 என்றால் எக்ஸ்போ, என்ற அமைப்பை இயக்கினால்தான் அட்டையில் உள்ள வேகம். பலர் காசு கொடுத்து வாங்கிவிட்டு இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் 3200 ரேம் 1600 என்று காட்டும். பதற வேண்டாம். துடிப்பு 1600, ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை, ஆக 3200.

மூன்றாவது, 16 ஒன்று வாங்குவதைவிட 8 இரண்டு ஒரே பெட்டியில் வாங்குங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும். டிடிஆர்5-ல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கு, இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. போட்டபின் மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கைவைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய கம்ப்யூட்டர் திடீரென்று பீப் பீப் என்று கத்தி, திரையில் ஒன்றும் வராவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிறத் தகடுகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் பாதி நோய் இதிலேயே குணமாகிவிடுகிறது.

இப்போது கடைகளில் மெல்லிய லேப்டாப்களைப் பார்க்கிறேன். பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. ஸ்லாட் இல்லை, வெட்டு இல்லை, பொருத்தம் பார்க்கும் வேலையும் இல்லை. மெல்லியதாக, குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓட அது உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு ரேம் போதவில்லை என்றால் கூட்ட முடியாது, கெட்டுப்போனால் ஒரு பலகையை மாற்றி முடிக்க முடியாது. ஐபிஎம் 1401 காலத்தைப் போல, கம்பெனி கொடுத்ததுதான் நமக்கு. ஜெடெக் 2023 டிசம்பரில் கேம்2 என்ற புது வடிவ விதியை வெளியிட்டது. பற்றவைத்த ரேமின் வேகத்தோடு, திருகாணியில் கழற்றி மாட்டும் வசதியும் கொண்டது. அது பரவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை, பேரனுக்கோ பேத்திக்கோ லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "ரேம் கழற்ற முடியுமா, இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா?" கழற்ற முடியாது என்றால், இன்றைய தேவைக்கு இரண்டு மடங்கு ரேம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.